ஆக்சிஜன் பட்டால் மங்கும் ஒளி: சென்சார் படலம் செய்வதும் அளப்பதும்

பிளாட்டினம் பார்ஃபிரின் என்ற சாயம் கலந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஊதா எல்.இ.டி. வெளிச்சத்தில் காட்டினால் சிவப்பாக ஒளிரும். அதன்மேல் நைட்ரஜனை மெல்லப் பாய்ச்சினால் சிவப்பு சட்டென்று கூடும். குழாயை எடுத்துவிட்டால் சில நொடிகளில் பழையபடி மங்கிவிடும். இதற்குக் கருவியே வேண்டாம், இருட்டறையில் கண்ணாலேயே பார்க்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டி, இறால் பண்ணைக் குளம், கடலில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளில் சில என்று ஒளியால் ஆக்சிஜனை அளக்கும் கருவி எங்கிருந்தாலும், அதற்குள் நடப்பது இதுதான்.

ஆக்சிஜன் கூடக் கூட ஒளி எத்தனை மடங்கு மங்குகிறது என்று வரைந்தால், பாடப்புத்தகத்தில் அதற்கு அழகான ஒரு நேர்க்கோடு உண்டு. முதல் படலத்தைச் செய்து அளந்து வரைபடம் போட்டதும் அந்தக் கோடு கீழ்நோக்கி வளைந்து நிற்கும். புதியவர்கள் பெரும்பாலும் அளவீட்டில்தான் ஏதோ பிசகு என்று நினைத்து, புள்ளிகளை வலுக்கட்டாயமாக ஒரு நேர்க்கோட்டில் அடைத்துவிடுகிறார்கள். அந்த வளைவைப் படிக்கத் தெரிந்தால் படலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே புரியும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

உள்ளே நடப்பது என்ன

சாய மூலக்கூறு ஒளியை விழுங்கிக் கிளர்வு நிலைக்குப் போகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ருத்தேனியம் போன்ற கன உலோகம் நடுவில் இருந்தால் அது மும்மை நிலை என்ற, எளிதில் கீழிறங்காத நிலையில் போய்த் தங்கும். அங்கே அது தங்கும் சராசரி நேரத்தைத்தான் ஆயுட்காலம் என்கிறோம். அந்த நேரத்துக்குள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால், ஆற்றல் அதற்குப் போய்விடும். சாயம் ஒளி விடாமலே தரை நிலைக்கு இறங்கும். இதைத்தான் தணிப்பு என்கிறோம். ஆக்சிஜனின் தரை நிலையும் மும்மை நிலைதான் என்பதால் இந்தக் கைமாற்றுக்குத் தடை ஏதும் இல்லை. ஆற்றலைப் பெற்ற ஆக்சிஜன் ஒற்றை நிலை ஆக்சிஜனாகிறது. அதற்குத் தேவை ஒரு மோலுக்கு 94 கிலோஜூல் மட்டுமே. நாம் பேசும் சாயங்களிடம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

ஆக, கணக்கு எளிது. சாயம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் தணிப்பு மாறிலி கிடைக்கும். ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும் 1919இல் எழுதிய சமன்பாடு இது:

தணிப்பு விகிதம் = 1 + (தணிப்பு மாறிலி × ஆக்சிஜன் பகுதி அழுத்தம்)

தணிப்பு விகிதம் என்பது ஆக்சிஜன் இல்லாதபோது வரும் ஒளியை, இருக்கும்போது வரும் ஒளியால் வகுத்தால் வருவது. பகுதி அழுத்தம் என்பது வாயுக் கலவையின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு. ஒளிச்செறிவுக்குப் பதில் ஆயுட்காலத்தை வைத்து வகுத்தாலும் அதே விடை வரவேண்டும். ஆனால் எல்லாச் சாய மூலக்கூறும் ஒரே மாதிரியான சூழலில் இருந்தால்தான் இந்தச் சமன்பாடு பொருந்தும். கரைசலில் பொருந்தும். பாலிமரிலும் சிலிக்கா ஜெல்லிலும் பொருந்துவது அபூர்வம்.

வேதியியலாளர் ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930களின் தொடக்கத்திலேயே இப்படிச் சீரற்ற சூழலில்தான் வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. டிரிப்பாஃபிளாவின் என்ற சாயத்தைச் சில சிலிக்கா ஜெல் மணிகளில் ஏற்றினார். ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நிறம் மாறும் இன்னொரு பொருளை வேறு மணிகளில் ஏற்றினார். இரண்டு வகை மணிகளையும் கலந்து, குறைந்த ஆக்சிஜனில் ஒளி காட்டினார். சாயமே இல்லாத மணிகளும் நிறம் மாறின. ஆற்றல் பெற்ற ஆக்சிஜன் ஒரு மணியிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றில் பயணம் செய்திருக்கிறது என்று அவர் சொன்னதை 1960கள் வரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. இன்று நம் சாயத்தை மெல்லத் தின்று தீர்ப்பதும் அதே ஒற்றை நிலை ஆக்சிஜன்தான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: எந்த அளவு ஆக்சிஜன், அதற்கு எந்தச் சாயம்

சாயத்தை முதலில் தேர்ந்துவிட்டு வேலையைத் தேடாதீர்கள். எந்த வரம்பில் அளக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஆயுட்காலம் நீளமானால் மோதலுக்கு வாய்ப்பும் கூடும். மிகக் குறைந்த ஆக்சிஜனையும் உணரும், ஆனால் சாதாரணக் காற்றிலேயே ஒளி அநேகமாக அணைந்துவிடும்.

டைஃபினைல்ஃபினாந்த்ரோலின் கொண்ட ருத்தேனியம் கூட்டுப்பொருளின் ஆயுட்காலம் 5 முதல் 6 மைக்ரோ விநாடி. நீல எல்.இ.டி. போதும். காற்றிலிருந்து தூய ஆக்சிஜன் வரை அளக்க ஏற்றது. பிளாட்டினம் பார்ஃபிரின்களுக்குச் சில பத்து மைக்ரோ விநாடிகள். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனுக்கு இதுதான் பொதுவான தேர்வு. பல்லேடியம் பார்ஃபிரினுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி. ஆக்சிஜன் எச்சம் மட்டும் இருக்கும் இடத்துக்கு அது.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது பென்டாஃபுளூரோஃபினைல் தொகுதிகள் நான்கு கொண்ட பிளாட்டினம் பார்ஃபிரின். விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஃபுளூரின் இருப்பதால் ஒளியில் சீக்கிரம் வெளுக்காது. எத்தில் தொகுதிகள் எட்டு கொண்ட பழைய பிளாட்டினம் பார்ஃபிரின் நன்றாக ஒளிரும், சீக்கிரம் வெளுக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில், நகரும் அளவீட்டுக்குக் காரணம் சாயமா கருவியா என்று தேடிக்கொண்டிருப்பதைவிடக் கூடுதல் காசு கொடுப்பது மேல்.

படி 2: படலம்

பாலிமர்தான் ஆக்சிஜனின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சிலிகோன் ரப்பரில் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் பாலிஸ்டைரீனைவிட நூறு மடங்குக்கும் அதிகம். சிலிகோன் வேகமாகப் பதில் சொல்லும், ஆனால் அயனித் தன்மை கொண்ட ருத்தேனியம் சாயம் அதில் கரையாது. சிறு திட்டுகளாகத் திரளும். அதனால்தான் அந்தச் சாயத்தைச் சிலிக்கா மணிகளில் ஏற்றிச் சிலிகோனில் கலக்கிறார்கள், அல்லது குளோரைடை எடுத்துவிட்டு டோடெசில் சல்ஃபேட்டை எதிர் அயனியாகப் போடுகிறார்கள்.

எளிய தொடக்கம்: 100 மில்லிகிராம் பாலிஸ்டைரீன், 1 மில்லிகிராம் சாயம், சுமார் 2 மில்லிலிட்டர் டொலுவின். புகைக்கூண்டுக்குள் கலக்குங்கள். முழுதும் தெளிந்த பிறகு பாலியெஸ்டர் தாளிலோ கண்ணாடித் தகட்டிலோ மெல்லப் பரப்பி, மூடிவைத்து ஓர் இரவு உலரவிடுங்கள். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் குமிழும் விளிம்புத் தடிப்பும் வரும். பாலிமரில் தங்கிவிட்ட டொலுவின் ஆக்சிஜனின் வேகத்தையும் மாற்றும். இன்று ஒரு மாறிலி, அடுத்த வாரம் வேறொரு மாறிலி என்று குழப்பும்.

தடிமன் இரட்டித்தால் பதில் நேரம் நான்கு மடங்காகும். 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் படலத்துக்குச் சில நொடிகள் என்றால், 20 மைக்ரோமீட்டருக்கு அதுபோல் நான்கு பங்கு காத்திருக்க வேண்டும்.

படி 3: ஒளியும் வடிகட்டியும்

நாம் தேர்ந்த பென்டாஃபுளூரோஃபினைல் பார்ஃபிரின் 395 நானோமீட்டர் அருகே வலுவாகவும், 508, 541 அருகே ஓரளவும் ஒளியை விழுங்குகிறது; 650 அருகே ஒளிர்கிறது. 405 எல்.இ.டி. அல்லது 505 பச்சை எல்.இ.டி., முன்னால் ஒரு வண்ண வடிகட்டி, ஒளியை அளக்கும் போட்டோடையோடின் முன் 600க்குக் கீழ் எதையும் விடாத சிவப்பு வடிகட்டி. இதைவிடச் சிக்கலாகத் தொடங்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சோதனையைத் தவறவிடவே கூடாது. சாயமே இல்லாத வெற்றுப் படலத்தை அதே இடத்தில் வைத்து அளவெடுங்கள். வரும் சிக்னல் பூச்சியமாக இருக்காது. எல்.இ.டி. கசிவு, பாலியெஸ்டர் தாளின் சொந்த ஒளிர்வு, அறை விளக்கு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அந்த ஒளிக்கு ஆக்சிஜன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு கணக்கு பாருங்கள். உண்மையான தணிப்பு விகிதம் காற்றில் 5.1 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இல்லாதபோது வரும் ஒளியில் வெறும் 5 சதவீதம் அளவுக்குப் பின்னணி ஒளி கலந்தால் நீங்கள் அளப்பது 4.3. கோடும் கீழ்நோக்கி வளையும். பொருளின் சீரின்மையால் வரும் வளைவும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெற்றுப் படலத்தின் அளவைக் கழிக்காமல் "என் பொருளில் இரண்டு வகை இடங்கள் உள்ளன" என்று எழுதிவிட்டால், எல்.இ.டி. கசிவுக்கு ஒரு கோட்பாடு கட்டியதாகத்தான் ஆகும்.

படி 4: வளைவைப் படித்தல்

நைட்ரஜனும் காற்றும் மட்டும் போதாது. வாயு ஓட்டக் கட்டுப்பாடு இருந்தால் பூச்சியத்திலிருந்து காற்று வரை குறைந்தது ஆறேழு புள்ளிகள் எடுங்கள். கைவசம் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் அதையும் சேருங்கள். வெப்பநிலையை நிலையாக வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளவெடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படலம் சமநிலைக்கு வருமுன்பே அளந்துவிட்டீர்கள், அல்லது சாயம் வெளுக்கிறது.

இப்போது வளைவு. கூட்டம் நிரம்பிய பஸ்ஸில் கண்டக்டர் வாசலருகே நிற்பவர்களிடம் சட்டென்று டிக்கெட் போட்டுவிடுவார், கடைசி இருக்கையின் மூலையில் இருப்பவரிடம் போய்ச் சேரவே மாட்டார். ஆக்சிஜனுக்கும் அதே நிலைதான். பாலிமரின் தளர்ந்த பகுதியில் உள்ள சாயத்தை எளிதில் எட்டும். இறுகிய பகுதியிலும் சிலிக்காத் துளைகளின் ஆழத்திலும் உள்ளதை அரிதாகவே எட்டும். எஸ்.எஸ். லேரர் 1971இல் புரதங்களில் எட்டக்கூடிய பங்கு, எட்டமுடியாத பங்கு என்று பிரித்துக் கணக்கிட்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டெமாஸும் டிகிராஃபும் 1990களில் ஆக்சிஜன் சென்சார்களுக்கு இரண்டு இட மாதிரியைப் பரவலாக்கினார்கள்: ஒளியின் ஒரு பங்குக்கு ஒரு தணிப்பு மாறிலி, மீதிப் பங்குக்கு இன்னொன்று.

எண்களில் பார்த்தால்தான் இது மண்டையில் ஏறும். கற்பனையாக ஒரு படலம்: ஒளியில் 85 சதவீதம் தருவது எளிதில் தணியும் சாயம், அதன் மாறிலி ஒரு கிலோபாஸ்கலுக்கு 0.10. மீதி 15 சதவீதத்தின் மாறிலி 0.005. ஈரக்காற்றில் 25 டிகிரியில் ஆக்சிஜன் 20.6 கிலோபாஸ்கல். அங்கே தணிப்பு விகிதம் 2.42 வரும். இப்போது பூச்சியத்தையும் காற்றையும் மட்டும் வைத்து நேர்க்கோடு போட்டுக் காலிபரேஷன் செய்துவிட்டீர்கள். உண்மையில் 5 கிலோபாஸ்கல் இருக்கும் இடத்தில் உங்கள் கருவி 5.85 காட்டும். 2 இருக்கும் இடத்தில் 2.4 காட்டும். இரண்டு முனைகளிலும் சரியாகக் காட்டுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆக்சிஜன் குறைந்து மீனோ இறாலோ தவிக்கும் நேரத்தில் கருவி நிலைமையை நல்லதாகக் காட்டும். காற்றூட்டியை ஓட்டுவதா வேண்டாமா என்று அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு 20 சதவீதப் பிழை சின்ன விஷயம் அல்ல.

அதே படலத்தைத் தூய ஆக்சிஜனில், 100 கிலோபாஸ்கலில் வையுங்கள். வரும் ஒளியில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், அந்த 15 சதவீதச் சிறுபான்மையிடமிருந்துதான் வருகிறது. ஆக்சிஜன் ஏற ஏற, எதை அளக்க வேண்டுமோ அந்தச் சாயம் மங்கி, பதில் சொல்லாத சாயமே மிஞ்சுகிறது. நேர்க்கோட்டுக் காலிபரேஷன் அங்கே 67 என்று காட்டும்.

இரண்டு இட மாதிரி நன்றாகப் பொருந்துகிறது என்பதால் படலத்தில் உண்மையிலேயே இரண்டே இடங்கள் இருக்கின்றன என்று நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் தொடர்ச்சியாகப் பரவிய பல இடங்கள். அதை இரண்டால் குறிக்கிறோம், அவ்வளவுதான். காலிபரேஷனுக்கு அது தாராளமாகப் போதும். படலத்தின் அமைப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் நுண்ணோக்கிப் படமோ ஆயுட்காலப் பரவலோ தேவை. சுருங்கச் சொன்னால், பொருத்தம் நன்றாக இருப்பது ஆதாரம் ஆகாது.

வளைவு மேல்நோக்கிப் போனால் கதை வேறு. மோதலால் வரும் தணிப்போடு, சாயத்தின் பக்கத்திலேயே ஏற்கனவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனால் வரும் நிலைத் தணிப்பும் சேர்ந்திருக்கலாம். பிரித்தறிய ஆயுட்காலத்தை அளந்து பாருங்கள். நிலைத் தணிப்பு ஒளியைக் குறைக்கும், ஆயுட்காலத்தைத் தொடாது.

படி 5: ஆயுட்காலம், ஆனால் எந்தச் சராசரி?

ஒளிச்செறிவை நம்பிச் செய்யும் கருவியில் எல்.இ.டி. மங்கினாலும், சாயம் வெளுத்தாலும், ஒளியிழை வளைந்தாலும் அளவு மாறும். அதனால்தான் கடையில் விற்கும் கருவிகள் பெரும்பாலும் ஆயுட்காலத்தை அளக்கின்றன. எல்.இ.டி.யைச் சைன் அலையாக ஏற்றி இறக்குவார்கள். ஒளிர்வு அதற்குச் சற்றுப் பின்தங்கி வரும். அந்தக் கட்ட வேறுபாட்டின் டான்ஜென்ட் = 2π × அதிர்வெண் × ஆயுட்காலம். ஆயுட்காலம் 60 மைக்ரோ விநாடி என்றால், 2650 ஹெர்ட்ஸில் கட்ட வேறுபாடு 45 டிகிரி. தொடங்க நல்ல அதிர்வெண் அது.

சீரான பொருளில் இதோடு வேலை முடிந்தது. சீரற்ற பொருளில் இங்கேதான் கவனம் வேண்டும். மேலே சொன்ன அதே கற்பனைப் படலத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இல்லாதபோது இரண்டு இடங்களுக்கும் ஆயுட்காலம் 60 மைக்ரோ விநாடி. காற்றில் முதல் இடம் 19.6 ஆகவும் இரண்டாவது 54.4 ஆகவும் குறையும். இப்போது மூன்று பேர் அளக்கிறார்கள். ஒருவர் ஒளித் துடிப்பு கொடுத்துத் தேய்வு வளைவைப் பொருத்தி, முன்காரணிகளை, அதாவது ஒவ்வொரு இடத்தின் ஒளியும் தேயத் தொடங்கும்போது இருந்த அளவை, எடையாக வைத்துச் சராசரி எடுக்கிறார்: 24.8. இன்னொருவர் அதே தரவில் ஒவ்வொரு இடமும் தரும் மொத்த ஒளிச்செறிவை எடையாக வைக்கிறார்: 31.0. மூன்றாமவர் 2650 ஹெர்ட்ஸில் கட்ட வேறுபாட்டை அளக்கிறார்: 27.6. அவரே 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் 22.7. ஒரே படலம், ஒரே காற்று, நான்கு ஆயுட்காலங்கள். யாரும் தவறாக அளக்கவில்லை.

இவற்றில் முன்காரணிச் சராசரி ஒன்றுதான் ஒளிச்செறிவு விகிதத்தோடு பொருந்தும்: 60ஐ 24.8ஆல் வகுத்தால் அதே 2.42. ஆகவே ஒளிச்செறிவும் ஆயுட்காலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும்போது அந்தச் சராசரியைத்தான் எடுக்கவேண்டும். ஒளிச்செறிவுச் சராசரியை எடுத்துவிட்டு, "ஒத்துப்போகவில்லை, ஆகவே நிலைத் தணிப்பு இருக்கிறது" என்று முடிவுகட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் சறுக்கல்.

கட்ட வேறுபாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் அதிர்வெண்ணை மாற்றாமல் அதே அதிர்வெண்ணில் காலிபரேஷன் செய்து, அதே அதிர்வெண்ணில் அளந்தால் பிரச்சினை இல்லை. இன்னொரு ஆய்வகத்தின் மாறிலியை எடுத்து உங்கள் கருவியில் போடுவதுதான் ஆபத்து. காற்றில் வைத்து வேண்டுமென்றே இரண்டு அதிர்வெண்ணில் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆயுட்காலம் வந்தால் படலம் சீரானது. வேறுபட்டால் சீரற்றது. இதைவிட மலிவான சோதனை கிடையாது.

படி 6: தண்ணீரில் இறக்குவதற்கு முன்

வெப்பநிலை ஏறினால் சாயத்தின் சொந்த ஆயுட்காலம் குறையும், ஆக்சிஜனின் ஊடுருவல் கூடும். இரண்டும் சேர்ந்து அளவை நகர்த்தும். படலத்தை ஒட்டியே ஒரு வெப்ப உணரி வையுங்கள். குறைந்தது மூன்று வெப்பநிலைகளில் காலிபரேஷன் செய்யுங்கள்.

படலம் உணர்வது பகுதி அழுத்தத்தை, கரைந்திருக்கும் அளவை அல்ல. 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீரில் சுமார் 6.75தான். இரண்டிலும் பகுதி அழுத்தம் ஒன்றே என்பதால் படலமும் ஒன்றேதான் சொல்லும். கருவியில் உப்புத்தன்மையைப் பதியாமல் கடல்நீர் நிரப்பிய குளத்தில் அளந்தால், வாசிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக நிற்கும்.

பூச்சியப் புள்ளிக்குச் சோடியம் சல்ஃபைட்டை அன்றன்று புதிதாகக் கரையுங்கள், 100 மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம். நேற்றைய கரைசலை நம்ப வேண்டாம். சீக்கிரம் முடியவேண்டும் என்று கோபால்ட் உப்பை ஒரு துளி சேர்ப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மீதியைக் குளத்தில் கொட்டாதீர்கள். நூறு சதவீதப் புள்ளிக்குக் காற்றடித்த தண்ணீரைவிட, ஈரத்துணி போட்ட மூடிய பாட்டிலின் ஈரக்காற்றே நம்பகமானது.

ஆக்சிஜனை மின்வேதி முறையில் அளக்கும் லீலண்ட் கிளார்க்கின் மின்முனையோடு பழகியவர்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அளப்பார்கள். அந்த மின்முனை ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஒளிப் படலம் தின்பதில்லை. சமநிலை வரும்வரை காத்திருந்தால் போதும்.

கடைசியாக வெளுத்தல். கவுட்ஸ்கி சொன்ன அந்த ஒற்றை நிலை ஆக்சிஜன் சாயத்தைத் தாக்குகிறது. எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரியவிடாமல், அளக்கும்போது மட்டும் சிறு துடிப்பாகக் கொடுத்தால் படலம் பல மடங்கு நாள் உழைக்கும். ஆயுட்காலத்தை அளப்பதால் வெளுத்தல் பாதிக்காது என்ற விளம்பர வாக்கியத்தைப் பாதி மட்டுமே நம்புங்கள். ஆக்சிஜன் எளிதில் எட்டும் சாயம் முதலில் வெளுத்தால் 85-க்கு 15 என்ற பங்கு 80-க்கு 20 ஆக நகரும். அப்போது சராசரி ஆயுட்காலமும் நகரும். பூச்சியத்தில் வாசிப்பு சரியாகவே இருக்க, காற்றில் மட்டும் மெல்லக் குறைவாகக் காட்டத் தொடங்கினால் இதுதான் நடக்கிறது. அப்போது மறுகாலிபரேஷன் செய்து ஓட்டலாம். அதன் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் மூடியைக் கழற்றிப் புதிய படலம் போட்டுவிடுங்கள்.